தீக்குச்சியில் அளந்த மலை

ஊத்துக்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் தினமும் காலையில் அவரைப் பார்ப்பேன். வெளுத்த சட்டை, சவரம் செய்யாத முகம். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, தீக்குச்சியைக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு நேராகப் பிடிப்பார். நான் கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்பவன். எங்கள் குவாரியை மூடுவதற்கு உளவு பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "இன்னா சார், மலைய அளந்துகினு இருக்கீங்க?"

"ஒடிசாலேர்ந்து வர்ற மலை இது. இதுல பேயுற மழைதான் நம்ம ஆரணியாத்துல ஓடுது. முன்ன மலை இந்தக் குச்சி ஒசரம் இருந்துச்சு. இப்ப குச்சிதான் ஒசரம்."

பிறகு என் செருப்பில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைப் பார்த்தார். "நீ எங்க வேலை செய்றே?"

"மாவு மில்லுல."

அவர் தீக்குச்சியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். நான் எவ்வளவு உயரம் இருந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.