துத்தநாகத் தொட்டியருகே நின்ற குலம் அண்ணா

திங்கட்கிழமை காலை, குரோய்டன் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "நான் குலேந்திரன்ர தங்கச்சி சாந்தி. கனடாவில இருந்து வந்து நிக்கிறன். அண்ணை வியாழக்கிழமை மோசம் போயிட்டார். ஹார்ட் அட்டாக்" என்றார். பிறகு, "அவற்ற போனில பதினொரு நம்பர்தான் இருக்கு. உங்களை 'துத்தநாகத் தங்கச்சி' எண்டு போட்டிருக்கிறார். ஆரெண்டு தெரியாமத்தான் எடுத்தனான்" என்றார்.

என்னை விட்டால் இன்னும் பத்துப் பேர்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, வேலைத்தலத்தில் அவரை அறிந்தவள் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி சாந்தி கேட்டார். எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாகப் பூச்சு ஏற்றும் பட்டறை ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நானூற்றைம்பது டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் இரும்பை முக்கி எடுத்தால் பல வருடங்களுக்குத் துரு அண்டாது. அந்தத் தொட்டிக்கு குலம் அண்ணாதான் ஷிப்ட் பொறுப்பாளர். நான் சென்னையில் உலோகவியல் படித்துவிட்டு, வேலை விசாவில் வந்து அங்கே சேர்ந்தேன்.

ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் அவர் தனியாக இருந்தார். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது விளக்குக் கம்பம், பாலத்துக் கைப்பிடி, என் கைப்பையின் ஜிப் என்று எதையாவது காட்டி, "இதுவும் எங்கட சாமான்தான்" என்பார். ராஜஸ்தானில் பல நூறு வருடங்களுக்கு முன்பே களிமண் குடுவைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சூடாக்கி, துத்தநாக ஆவியைக் கீழே இறக்கிப் பிடித்தார்கள் என்று நான் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "ஓம், நீங்கள் காய்ச்சினீங்கள். நாங்கள் அதைப் பூசின தகரக் கூரைக்குக் கீழ இருந்து வெந்தனாங்கள்" என்றார். அதற்கும் வெகுகாலம் முன்பே, துத்தநாகத்தைத் தனியாகக் கண்டிராதவர்கள் அதன் தாதுவைச் செம்போடு சேர்த்துச் சுட்டுப் பித்தளை செய்ததைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "பாருங்கோ, அவ்வளவு காலமும் பித்தளைக்குள்ள இருந்திருக்கு. ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை."

பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தியாகக் காப்பு என்று பெயர். "தியாகமோ? அதைக் கேட்டுப் பாத்தவையோ?" என்று கேட்டார்.

இனி எழுதப்போவதை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

குழாய்களைத் தொட்டியில் இறக்கும் முன் இரண்டு முனைகளிலும் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகிக் குழாய் வெடிக்கும். அதைப் பார்த்துப் படிவத்தில் குறி போடுவது என் வேலை. குலம் அண்ணாவும் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்கள் பாத்தாப் பிறகு நான் என்னத்துக்கு?" என்று அவர் பார்க்காமலே போடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, விசா பற்றிய கடிதம் வந்திருந்த பதற்றத்தில், மாடிப்படிக் கைப்பிடிக் குழாய்களைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் குறி போட்டேன். ஒன்றில் துளை இல்லை. தொட்டி சீறியது. கூரைவரை துத்தநாகம் தெறித்தது. அருகே நின்றவர் அவர் ஒருவர்தான். இடது முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு விசாரணைக்கு வந்தார். வெளியே நின்று, "அண்ணா, நானே சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? வேலையும் போய், விசாவும் போயிடும். நான் இனி விசாவுக்குக் குரோய்டனில வரிசையில நிக்கத் தேவையில்லை. நீங்கள் பேசாம இருங்கோ. நிரந்தர விசா கிடைச்சாப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

உள்ளே போய், அந்தக் குழாய்களைத் தாம் பார்த்ததாகவும், தம் சொல்லை நம்பித்தான் நான் குறி போட்டதாகவும் சொன்னார். தொட்டி வேலையிலிருந்து எடுத்து அவரை வெளியே யார்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஆறு வருடம், மழையிலும் குளிரிலும் தொட்டியில் முக்கப்போகும் சாமான்களுக்குத் தூக்குக் கம்பி கட்டினார். "ஓட்டை பார்த்தாச்சா, குலம்?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் ஆங்கிலத்தில் கேலியாகக் கேட்பார்கள். தலையை மட்டும் ஆட்டுவார்.

விபத்து நடந்த மூன்றாம் வருடம் எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. ஈஸ்ட் ஹாம் கடையில் லட்டு வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். "சந்தோசம், தங்கச்சி" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதைப் பற்றிப் பேசினேன். அதற்குப் பிறகு அவர் அப்படிப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

இறுதிச் சடங்குக்குப் பட்டறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. முன்வரிசையில் சாந்தியும், கடைசி வரிசையில் நானும் இருந்தோம். இடையே நாற்காலிகள்தான். "கவனமில்லாத மனுசன் எண்டு நாங்களும் அவரை ஏசினனாங்கள்" என்று வாசலில் சாந்தி சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று இதுவரை எழுதியதைச் சாந்திக்குத் தொலைபேசியில் வாசித்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ. உங்கட பேரை முழுசாப் போடுங்கோ" என்றார். வைத்துவிட்டார்.

மலருக்குப் போகும் பிரதியில் போட்டிருக்கிறேன். பட்டறையில் உள்ளவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால், நடந்ததை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை பட்டறைக்குத் தபாலில் சேர்த்தேன். உறை பெட்டிக்குள் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

குலம் அண்ணா, ஆறுதலாகச் சொல்லலாம் என்றீர்கள். நீங்கள் கேட்க முடியாத நாளில்தான் சொல்லியிருக்கிறேன். போய் வாருங்கள்.