நெட் போகவில்லை

மகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சரை நான் ஊரடங்கு நாட்களில் செல்போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, காதோரம் நரை, பின்சுவரில் சிலுவை. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சிலைபோல இருப்பார்.

ஒருநாள் மகள் ‘பட்டம்’ என்ற சொல்லில் திணறினாள். டீச்சரிடம் அசைவே இல்லை. “நெட் போயிருச்சு போல” என்றபடி, விடையை மகள் காதில் ஓதப் போனேன்.

“நெட்டு இருக்குண்ணே. பாப்பா எழுத்துக் கூட்டுது. சொல்லிக் குடுத்துராதீங்க. எம்புட்டு நேரமானாலும் நான் இருக்கேன்.”

மகளே வாசித்தாள்.

ஊரடங்கு முடிந்து ஊருக்குப் போகும்போது, மேலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸின் பலகையை அவள் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

“கொட்டாம்பட்டி!” என்று அதன் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அந்த டீச்சருக்கும் அது கேட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.