நாலு விரல் ஐஸ்

என் சித்தப்பா ஜெர்மனியில் இருந்த ஆறு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் மீன் பிடிக்கப் போனார். அன்று ஒரு மீன்கூட அகப்படவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பாதிக் கதை எனக்கு மட்டும்தான் தெரியும், அதை நான் இதுவரை வாய் திறந்து சொன்னதுமில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஹம் நகரத்தின் ஓரத்தில், மூன்றாம் மாடியில், இரண்டறை வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தப்பா என்று ஐந்து பேர் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் டெர்மின் என்று நாள் குறித்து வாங்கிப் போய், தவணை நீட்டவேண்டிய ஒரு மடித்த கடுதாசிதான். டுல்டுங் என்பார்கள். உன்னை அனுப்பவேண்டும், இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். சித்தப்பா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஜக்கெட்டின் உள்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடியிருப்பார். படுக்கும்போது ஜக்கெட் தலைமாட்டில் இருக்கும்.

சாப்பாட்டு மேசையில் அவர்தான் கடைசியாகச் சோற்றுக் கோப்பையை நீட்டுவார். "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று அம்மா கேட்டால், "காணும் அண்ணி, பசியில்லை" என்பார். அவருக்குப் பசியே வராது போல என்று நான் நினைத்தேன். எனக்கும் அப்படி இருந்தால் கீரையிலிருந்து தப்பலாமே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

கீழ் வீட்டில் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு ஜெர்மன் கிழவர் இருந்தார். குளிர் இறுகிய அந்தத் தை மாதத்தில், உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்த இரண்டு மீனைக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார். முள்ளும் சேற்று மணமும் உள்ள மீன்தான். அம்மா புளி கூடவிட்டுக் குழம்பு வைத்தா. ஒரு வாய் வைத்துவிட்டு, "உடன் மீன் திண்டு எவ்வளவு காலமாச்சு!" என்றா. பிடித்த கையோடு சமைக்கிற மீனை அப்படித்தான் சொல்வோம். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பாவம், வாயில் வந்ததைச் சொன்னா. ஊரில், மயிலிட்டிக் கடலில் பதினாறு வயதிலிருந்து தொழிலுக்குப் போன சித்தப்பா, மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கிழவரிடம் கூட்டிப்போனார். எங்கள் வீட்டில் கடிதம் வாசிப்பதும் டாக்டரிடம் பேசுவதும் நான்தான், ஆகவே இதற்கும் நான்தான். கிழவர் ஐஸில் துளை போடுகிற பெரிய திருகாணியைக் காட்டினார். பிறகு கையை உயர்த்தி, பெருவிரலை மடக்கி, நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தார். ஐஸ் இந்த அளவு தடிப்பு இல்லையென்றால் கால் வைக்கவே கூடாது என்றார். நான் அப்படியே சொன்னேன். மீன் பிடிக்கச் சோதனை எழுதி அனுமதி எடுத்திருக்கிறாரா என்றும் கேட்டார். அதையும் சொன்னேன்.

"மீனுக்கும் அன்ட்ராக் போட வேணுமோ!" என்று, விண்ணப்பத்துக்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லிச் சித்தப்பா சிரித்தார். "வேறை ஒண்டும் சொல்லாதை பிள்ளை, ஓம் எண்டு சொல்லு."

நான் ஓம் என்று சொன்னேன். கிழவர் திருகாணியைத் தந்தார்.

ஏரி எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. மண் அள்ளின பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டான ஏரி. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் பின்னேரம் போனோம். கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரப்பலகையில் குப்புறப் படுத்து, ஐஸில் துளை போட்டு, கையை உள்ளே விட்டு அளப்பார். இரண்டு விரல். இரண்டரை. வெள்ளிக்கிழமை மூன்று. "அவசரப்படக் கூடாது. கடலெண்டாலும் இதெண்டாலும் பொறுமையாப் பார்க்க வேணும்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். என் சித்தப்பாவைப் போல நிதானமான மனிதர் உலகத்தில் இல்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை காற்று மாறிவிட்டது. படியிறங்கும்போதே அவர் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். "மேல்காத்து. நாளைக்கு இதெல்லாம் தண்ணியாப் போகும்." திங்கட்கிழமை அவருக்கு டெர்மின். இந்த முறை நீட்டாமல் விட்டாலும் விடுவார்கள் என்று அப்பாவும் அவரும் குசினியில் குசுகுசுத்ததை நான் கேட்டிருந்தேன். அந்த வீட்டுக்குத் தன் கையால் ஒரு மீன் கொண்டுவந்து வைக்க அவருக்கு அன்றைய பகல் மட்டும்தான் இருந்தது.

பலகையில் படுத்து அளந்தார். மூன்று. எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்தார். ஏரியைப் பார்த்தார். மறுபடியும் படுத்து அளந்தார். மூன்றேதான். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ ஒருக்கா வைச்சுப் பார்."

கையுறையைக் கழற்றிவிட்டுத் துளைக்குள் கையை விட்டேன். குளிர் எலும்பில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "நாலு, சித்தப்பா! வடிவா நாலு!" என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈரத்தைத் தன் சால்வையால் துடைத்துவிட்டார்.

"ஓம். நாலுதான்."

எழுந்து ஜக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

"இதைக் கவனமா வைச்சிரு. நிலத்திலை வைக்கக் கூடாது, சரியே? கரையை விட்டு அசையக் கூடாது."

"உங்களுக்குக் குளிராதோ?"

"எனக்கெங்க குளிர்!"

திருகாணியைத் தூக்கிக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். இருபது அடி போயிருப்பார். நின்று, என் பக்கம் திரும்பி, பெருவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டினார். நானும் காட்டினேன். ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவருடைய தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

"ஆராவது வாங்கோ! ஐயோ, ஆராவது வாங்கோ!" என்று கத்தினேன். வகுப்பில் முதல் ஆளாக ஜெர்மன் பேசுகிற எனக்கு அன்றைக்கு ஒரு ஜெர்மன் சொல்லும் வாயில் வரவில்லை. நாயோடு நடந்துவந்த ஒரு பெண்மணிக்கு அந்தக் கத்தலே போதுமாயிருந்தது. தொலைபேசியில் உதவிக்குச் சொல்லிவிட்டு, பலகையில் படுத்து, உடைந்த ஐஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தா. தீயணைப்புக்காரர்கள் ஏணியோடு வந்து அவரை இழுத்தெடுக்கும்போது அவர் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவர் கண் என்னைத் தேடியது.

"கடுதாசி... நனைஞ்சுதோ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி கேட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அவ அழுதுவிட்டா.

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலருகில் நின்று, "உனக்கு என்ன விசரே? எத்தினை விரல் இருந்தது? ஆர் அளந்தது?" என்று ஏசினா. ஏசும்போதே அழுதா. என் இரண்டு கையும் பொக்கெற்றுக்குள் இருந்தன.

"நான்தான் அண்ணி அளந்தனான். வடிவா நாலு விரல் இருந்தது."

நான் அளந்ததை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் நனையாத அந்தக் கடுதாசியையும் கொண்டுபோனார். மறுபேச்சு இல்லாமல் மூன்று மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, நுரையீரல் பிறகு தேறவேயில்லை. அவரை எரித்த அன்று கடுதாசியில் இன்னும் ஐந்து கிழமை மிச்சம் இருந்தது. அம்மா அதற்குப் பிறகு உடன் மீன் என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. இன்றும் கடையில் உறையவைத்த பெட்டி மீன்தான் வாங்குகிறா.

என் கை இப்போது வளர்ந்துவிட்டது. சித்தப்பாவின் கையளவு இல்லாவிட்டாலும், மூன்று விரலை நாலாக்குகிற கை இல்லை. மூன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உடையலாம் என்றும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் குளிரில் ஜக்கெட்டைக் கழற்றித் தந்தார். தான் நனைந்தாலும் கடுதாசி நனையக் கூடாது என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஜக்கெட்டை மூக்குவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு கரையில் நின்றேன். என் சித்தப்பாவுக்குப் பசியும் இல்லை, குளிரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.