ஒரே அளவு தண்ணீர்

அப்பா செருப்பைக் கழற்றவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். தபால் அட்டையை வாசலுக்கு வெளியே நின்றே படித்தார், படித்து முடித்ததும் நான்காகக் கிழித்தார். சாவுச் செய்தி வந்த அட்டையை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். அவராகவே சொன்னார்: "நம்ம சௌந்தரந்தாம்மா. காய்ச்சல்ல போயிருச்சு."

புதுக்கோட்டையில் அவளோடு படித்த நீங்கள் எல்லோரும் ஒரு நோட்டில் அவளைப் பற்றி எழுதுகிறீர்கள், நானும் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஏழாம் வகுப்பு வரை நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். பிறகு நான் பெரியவளானேன், படிப்பு நின்றது. அவள் அப்பாவுக்குப் புதுக்கோட்டையில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே போனார்கள். கோடை லீவுக்கு மட்டும் சித்தப்பா வீட்டுக்கு வருவாள்.

நான் பெரியவளான வருஷம் எங்கள் கிணற்றடி மல்லிகை பட்டுப்போனது. தனித்திருக்கும் நாளில் நான் அதைத் தொட்டுவிட்டேன் என்று என்னைப் பெற்ற ஆத்தா நினைத்தாள். திட்டவில்லை. "இனிமே அங்கிட்டுப் போகாதம்மா" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் மற்ற நாட்களிலும் நான் செடி பக்கம் போகவில்லை. என் கையில் ஏதோ இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

போன கோடையில் இதைச் சௌந்தரத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு டின்களில் கண்மாய் மண்ணும், அதில் நாலு நாளில் முளைத்த தட்டைப்பயறும் கொண்டுவந்தாள். எனக்கு அன்றுதான் தனித்திருக்கும் நாட்களில் தலைநாள். கொல்லைக் கொட்டகையில் இருந்தேன். ஒரு டின்னை என்னிடம் வைத்துவிட்டு மற்றதைத் தன் சித்தப்பா வீட்டு முற்றத்துக்கு எடுத்துப் போனாள்.

நான்காம் நாள் என் செடிகள் மஞ்சளாகி, நெடுக வளர்ந்து, தலை சாய்ந்து கிடந்தன. அவளுடையவை குட்டையாக, கரும்பச்சையாக நின்றன. நான் அழுதேன். ஆத்தா சொன்னது சரிதான் என்றேன். சௌந்தரம் எதுவும் பேசாமல் இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், அவள் தூக்கத்திலும் பேசுவாள்.

மறுநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ஏ புள்ள, தப்பு ஒன்மேல இல்ல, என்மேல. கையையும் மாத்திப்புட்டேன், எடத்தையும் மாத்திப்புட்டேன். ஏதாச்சும் ஒண்ண மட்டுந்தான் மாத்தணும்." அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் இல்லை. செடி தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும், இலைதான் அடுப்பங்கரை, வெயில்தான் நெருப்பு, நெருப்பில்லாத அடுப்பங்கரையில் அதை உட்கார வைத்துவிட்டேன் என்றாள். ஏழாம் வகுப்பில் நானும் இதைப் படித்திருந்தேன். மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் என் கையைப் பற்றித்தான் அது சொல்கிறது என்று நினைத்ததே இல்லை.

லீவு முடிவதற்குள் அடுத்த மாத நாட்களும் வந்தன. இந்த முறை புதிதாய்ப் பயறு முளைத்த இரண்டு டின்னும் கொட்டகைக்கு வெளியே ஒரே சுவரில், ஒரே வெயிலில் இருந்தன. ஒரு தேங்காய்ச் சிரட்டையின் உள்ளே ஆணியால் கோடு கீறினாள். அந்தக் கோடுவரைதான் தண்ணீர், காலையில் ஒரு தடவை. ஒன்றுக்கு நான் ஊற்றினேன், மற்றதற்கு அவள் ஊற்றினாள். நான்காம் நாள் குனிந்து ஒவ்வொரு செடியாக இலை எண்ணினாள். "ஒரு எலைகூடக் கொறைச்சல் இல்ல, பாத்துக்க" என்றாள்.

ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஆத்தா இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். "இது பயறுடி, எங்கன போட்டாலும் மொளைக்கும். மல்லிகை அப்படியா?" என்றாள்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. சௌந்தரமோ கேட்க வேண்டிய கேள்வியைத்தான் ஆத்தா கேட்டுவிட்டது போலச் சந்தோஷப்பட்டாள். "அப்ப அடுத்த லீவுக்கு மல்லிகை, பெரியம்மா. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். தை மாதம் இரண்டு பதியன் போட்டு வைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடியில் போட்டு வைத்தேன். இரண்டும் வேர்விட்டன. பங்குனியில் அட்டை வந்தது.

அவள் எழுத்து என்று என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கோடு கீறிய சிரட்டை இருக்கிறது. தோற்ற மறுநாளே திரும்பி வந்து தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டாளே, அது இருக்கிறது.

சித்திரையில் என் நாட்கள் வந்தன. முந்தின நாளே இரண்டு பதியனையும் தொட்டியில் மாற்றி, அதே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஊற்ற இரண்டாவது கை இல்லை. காலையில் ஆத்தா கொல்லைக்கு வந்தபோது சிரட்டையில் கோடுவரை தண்ணீர் எடுத்து என் செடிக்கு ஊற்றினேன். பிறகு சிரட்டையைக் கழுவி, மறுபடி கோடுவரை நிரப்பி, மற்ற செடியின் அருகே தரையில் வைத்தேன்.

"ஆத்தா, அதுக்கு நீ ஊத்து" என்றேன்.