மூடிமேல் ஓர் ஆள்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று நான் அரண்டிருக்கவில்லை. இருட்டியும் இருக்கவில்லை. மாலை ஆறு மணி. தூறல். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. என் கையில் ஒரு கயிறு, காலருகில் மட்டம் பார்க்கும் ஒரு ரசமட்டம். நான் பயந்தாங்கொள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரசமட்டத்துக்குப் பயம் தெரியாது. அது காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

நான் படகுகளுக்கு மின்வேலை பார்ப்பவன். பழைய வேலைப் படகுகள் எங்கள் பட்டறைக்கு வரும். டீசல் இன்ஜினைப் பிடுங்கி எடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கொடுப்போம். பேட்டரியை மட்டும் நம்பி நடுநீரில் இறங்கச் சில முதலாளிகளுக்கு மனம் வராது. அவர்களுக்குக் கூடவே ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டரும் வைப்போம். பேட்டரி இறங்கிவிட்டால் அது தானாகவே ஓடத் தொடங்கி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். ஹைப்ரிட் என்பது அதுதான்.

இந்தப் படகு ஒன்பது மீட்டர். கப்பல்கள் வீசும் கயிற்றை வாங்கிக் கரையில் கொண்டுபோய்க் கட்டுவது அதன் வேலை. டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி சொன்னார். வழக்கமாக இன்ஜினைக் கழற்றும் நாளில் அதைக் கவனித்துவந்த இன்ஜின் டிரைவர் வந்து நிற்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பும் தகப்பன் முகம் இருக்கும். இந்தப் படகுக்கு யாரும் வரவில்லை. டிரைவர் எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார் முதலாளி. அத்தோடு விட்டேன்.

கழற்றும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். அந்த இன்ஜின் மூன்று முறை முக்கி முனகியது. மூன்று முறையும் பற்றிக்கொண்டு உடனே அணைந்தது. செத்த இன்ஜின் என்று பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டோம்.

இன்ஜின் இருந்த குழியில் ஜெனரேட்டரை வைத்தோம். குழியின் பழைய மரமூடி கனமானது. அதன் இடப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து, வழுவழுவென்று குழிந்திருந்தது. எதனால் என்று நான் யோசிக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத் தகட்டில் நானே ஒரு மூடி செய்தேன். ஒரு கையால் தூக்கலாம்.

பேட்டரிகளை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் படகு சாயும். தளத்தில் ரசமட்டத்தை வைத்து, ஆளை இங்கே உட்காரவைத்து, அங்கே உட்காரவைத்து, நாள்கணக்கில் மட்டம் பார்த்தோம். இடப்பக்கம் தாழ்ந்தால் ரசமட்டத்தின் குமிழ் வலப்பக்கம் ஏறும். ஓர் ஆள் அந்த மூடியின் இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தால் குமிழ் சரியாக ஒரு கோடு நகரும். இது எனக்கு மனப்பாடம்.

உட்காரவைத்துப் பார்த்தது என் மச்சினனை. என் மனைவிக்கு ஒரே தம்பி. தண்ணீருக்கடியில் வேலை பார்ப்பவன். பட்டறையில் அவனுக்கு முக்குளிப்பான் என்று பெயர். அவன் நீரில் இறங்கும்போதெல்லாம் கயிற்றைப் பிடிப்பது நான்தான். என் மனைவி வேறு யாரையும் பிடிக்க விடமாட்டாள். காலையில் சாப்பாட்டைக் கையில் கொடுக்கும்போது எப்போதும் ஒன்றே சொல்வாள்.

"அவன விட்டுட்டுக் கயிற மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துராதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

மறுநாள் காலையில் படகை ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை கடைசி ஓட்டம். படகில் சுக்கான் பிடித்துத் திசை திருப்பும் பழைய சுக்கான்காரரே ஓட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். துறைக்குள் திரும்பும்போது நீரில் கிடந்த ஒரு பழைய கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. டீசலாக இருந்தால் முனகியிருக்கும், புகைந்திருக்கும். இது வாயே திறக்கவில்லை. மோட்டார் சும்மா நின்றுவிட்டது. கழி போட்டுத் தள்ளித் துறையில் கட்டினோம். சுக்கான்காரர் ஓட்டும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

முக்குளிப்பான் கத்தியோடு தயாரானான். நான் பேட்டரியின் பெரிய சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். சாவியை அவன் கழுத்தில் மாட்டினேன். எங்கள் பட்டறையில் அதுதான் சட்டம். கீழே இறங்குகிறவன் கழுத்தில் சாவி இருந்தால் மேலே யாரும் எதையும் ஓட்ட முடியாது.

சுக்கான்காரர் துறையில் ஏறியவர் திரும்பி நின்றார்.

"மூடி மேல யாரு உட்கார்றது?"

எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் கீழே இருக்கும்போது மூடிமேல் ஆள் இருக்க வேண்டும் என்றார். சாவி அவன் கழுத்தில் இருப்பதைக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை.

"அப்ப நீங்களே வந்து உட்காருங்களேன்" என்றேன், கேலியாக.

அவர் முகம் செத்துப்போனது. விறுவிறுவென்று துறையைத் தாண்டிப் போய்விட்டார்.

"மாமா, அவருக்குக் காத்து வாங்க இடம் வேணும்போல" என்றான் முக்குளிப்பான். "உங்க மூடியில நல்லா சில்லுன்னு இருக்கும்."

வாயில் மூச்சுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கினான். மணி ஆறு.

கயிற்றின் ஒரு நுனி அவன் இடுப்பில். மறுநுனி என் மணிக்கட்டில். ஒரு இழுப்பு என்றால் ‘இரு’. மூன்று என்றால் ‘மேலே வா’. நான் படகின் நடுவில், மூடிக்குப் பக்கத்தில் நின்றேன். காற்றில்லை. தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. தூறல் மட்டும்.

கொஞ்ச நேரம் போயிற்று.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

யாரோ கரையிலிருந்து தளத்தில் கால் வைத்ததுபோல் ஒரு மெல்லிய தாழ்வு. முக்குளிப்பான் ஏறுகிறான் என்று திரும்பினேன். யாரும் இல்லை. குனிந்து ரசமட்டத்தைப் பார்த்தேன்.

குமிழ் வலப்பக்கம் போயிருந்தது. சரியாக ஒரு கோடு.

நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கீழே அவன் எதையாவது பிடித்துத் தொங்குகிறானோ என்று நினைத்தேன். தொங்கினால் குமிழ் ஆடும். இது ஆடவில்லை. ஒருவர் வந்து உட்கார்ந்து, சாவகாசமாக இருப்பதுபோல்... அங்கேயே நின்றது.

அப்போதுதான் மூடியைப் பார்த்தேன்.

தளம் முழுக்க நனைந்திருந்தது. மூடியும் நனைந்திருந்தது. அதன் இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு வட்டம் காய்ந்து கிடந்தது. தட்டு அகலம். தூறல் அதன்மேல் விழவில்லை.

பழைய இன்ஜின் எண்ணெய் வாசம் வந்தது. அந்தக் குழியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியவன் நான்.

கீழே, மூடிக்கு அடியில், ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் ஓடத் தயாராகும் சத்தம்.

காலையில் சோதனைக்காக ஜெனரேட்டரைத் தானாக ஓடும்படி வைத்தது நான். மறந்துவிட்டேன். அதைக் கிளப்பத் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. பேட்டரி சுவிட்சை அணைத்ததும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது ஓடப் போகிறது. ஓடினால் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஓட்டும் அறைக் கண்ணாடி வழியே பார்த்தேன். சுக்கான்காரர் ஓட்டும் கைப்பிடியை முன்னால் தள்ளியபடியே விட்டுப் போயிருக்கிறார். சத்தமில்லாத படகில் அது யாருக்கும் உறைக்கவில்லை. புரொப்பெல்லர் சுற்றும்.

முக்குளிப்பானின் இரண்டு கையும் அதில்தான் இருக்கிறது.

பாதுகாப்புக்கென்று நான் செய்ததே அவனுக்கு எமன். சொந்தக் காசில் சூனியம்.

மூன்று முறை இழுத்தேன். மேலே வா.

ஒரு இழுப்பு வந்தது. இரு.

மறுபடி மூன்று.

மறுபடி ஒன்று.

ஓட்டும் அறை பூட்டியிருந்தது. மணிக்கட்டுக் கயிறு அதுவரை எட்டாது. ஜெனரேட்டரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மூடிக்கு அடியில். பாய்ந்து மூடியின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

மூடி வரவில்லை.

நானே செய்த மூடி. ஒரு கையால் தூக்கும் மூடி. இரு கையாலும் இழுத்தேன். வலப்பக்கம் மயிரிழை எழும்பியது. இடப்பக்கம் அசையவில்லை.

கிர்ர்ர்ர்... டப்.

ஓடத் தொடங்கி, பற்றி, அணைந்தது.

காலை ஊன்றி இழுத்தேன். கை வழுக்கியது. காய்ந்த வட்டத்தின்மேல் என் உள்ளங்கை பட்டது.

சூடாக இருந்தது. ஆள் உட்கார்ந்திருந்த இடம்போல.

கிர்ர்ர்ர்... டப்.

"எந்திரிங்க" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. "எந்திரிங்க... பையன் கீழ இருக்கான்."

என் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு வந்து போயிற்று. வேலை பார்க்கிறவனைத் தொந்தரவு செய்தால் விடுவானே, அப்படி ஒரு மூச்சு.

கிர்ர்ர்ர்...

கிர்ர்ர்...

டப்.

மூன்று முறை முயன்று முடியாவிட்டால் ஜெனரேட்டர் தானாக விட்டுவிடும். பீப் என்று ஒரு நீளச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

குமிழைப் பார்த்தேன். ஒரு கோடு. அங்கேயே.

எவ்வளவு நேரமோ. முக்குளிப்பான் ஏணியில் ஏறினான். தோளில் வெட்டிய கயிறு. குழாயைத் துப்பினான். "எதுக்கு மாமா சும்மா சும்மா இழுத்தீங்க? மீன் புடிக்கிறீங்களா?"

அவன் தளத்தில் கால் வைத்து, நடுவில் வந்து நின்றான். அதற்குப் பிறகுதான் படகு நிமிர்ந்தது. மெதுவாக. உட்கார்ந்திருந்தவர் முழங்காலில் கையூன்றி எழுவதுபோல.

காய்ந்த வட்டத்தில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. பிறகு மூடி முழுக்க நனைந்தது.

ஒரு விரலால் மூடியைத் தூக்கினேன். வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஜெனரேட்டரைப் பிரித்துப் பார்த்தேன். டீசல் இருந்தது. காற்று தடையில்லாமல் உள்ளே போனது. ஒரு குறையும் இல்லை. பொத்தானைத் தொட்டதும் ஓடியது. உள்ளிழுக்கும் காற்று மூடியைப் பிடித்திருக்கும் என்றார் பட்டறையின் இன்ஜினியர். ஓடாத இன்ஜின் எப்படிக் காற்றை இழுக்கும் என்று நான் கேட்கவில்லை.

படகை எடுத்துப்போக வந்த சுக்கான்காரரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் நீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

டீசல் காலத்தில் சாவி கிடையாது. இன்ஜினை ஓட்ட வேண்டுமென்றால் மூடியைத் திறந்தாக வேண்டும். அதனால் யாராவது புரொப்பெல்லரில் கை வைக்க இறங்கினால் டிரைவர் மூடியின் இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் கயிறு தெரியும். கீழே போனவன் தளத்தில் கால் வைக்கும்வரை, கப்பலே முட்டினாலும் எழமாட்டார். இருபது வருடம் அப்படி.

"அப்புறம் ஏன் ஊருக்குப் போனார்?"

"ஊருக்கா?" என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இறங்க வேறு ஆள் கிடைக்கவில்லை. டிரைவரே இறங்கினார். மூடிமேல் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு இறங்கினார். கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார். மூடி காலியாக இருந்ததைப் பார்த்து, வேலை முடிந்ததென்று இன்னொருவர் அதைத் திறந்து இன்ஜினைத் தட்டிவிட்டார். டிரைவர் அப்போதும் கீழேதான் இருந்தார்.

அன்றைக்குப் பிறகு அந்த இன்ஜின் யாருக்கும் ஓடவில்லை. எத்தனையோ மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். மூன்று முறை முக்கும், அணையும். அதனால்தான் முதலாளி மின்சாரத்துக்கு மாறினார். டீசல் செலவெல்லாம் பேச்சுக்கு.

எழுந்து போனவர் யார் என்று நான் கேட்கவில்லை. பேசி முடிக்கும்வரை சுக்கான்காரரின் கண் அந்த மூடிப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரமே பழைய இரும்புக்காரரைச் சந்தையில் பார்த்தேன். நல்ல இன்ஜினைப் போய்ச் செத்தது என்று தள்ளிவிட்டீர்களே என்று சிரித்தார். தட்டியதும் ஓடியதாம்.

ஆறு மாதம் கழித்து அதே படகு அடிப்பாகம் பார்க்க வந்தது. முக்குளிப்பான் இறங்கினான். ஓட்டும் கைப்பிடியை நானே நடுவில் வைத்தேன். பேட்டரியைப் பூட்டினேன். ஜெனரேட்டரைப் பூட்டினேன். இரண்டு சாவியும் அவன் கழுத்தில். பிறகு, யாரும் சொல்லாமலே, போய் மூடியின் இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கயிறு நன்றாகத்தான் தெரிந்தது.

காற்றில்லை. தண்ணீர் அசையவில்லை. நல்ல வெயில்.

ஒரு பழக்கத்தில் ரசமட்டத்தைக் குனிந்து பார்த்தேன். என் எடைக்கு ஒரு கோடு.

குமிழ் இரண்டு கோடு போயிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டு உட்கார்ந்தேன்.