எண்ணூர் பங்களாவின் மாடிப்படி

எண்ணூரில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவைத் தொழிற்சாலைக்காக இடித்தார்கள். நான் மேற்பார்வையாளன். கல் சுமந்தவர்களில் ஓர் அம்மா முன்பு அதே வீட்டில் தரை துடைத்தவர். ஒல்லியான உடம்பு, காய்த்துப்போன முழங்கால்கள். முன்கதவைக் கழற்றிய பிறகும் அவர் மட்டும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகவே வருவார்.

கடைசியாக வெளிச்சுவர்களுக்குள் சலவைக்கல் மாடிப்படி மட்டும் மிஞ்சியது. செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஒருமுறை ஏறிப் பார்த்து இறங்கினேன்.

“எவ்வளவு அழகு, போகிறதே” என்றேன்.

“எனுக்குத் தெரியாதா நைனா? முப்பது வருசம் முட்டி போட்டுகினு தொடச்சிகிறேன். நின்னுகினு ஒரு தபாகூட ஏறினதில்ல. எங்களுக்குப் பின்னால இரும்பு ஏணிதான்.”

கூடையை இறக்கினார். என் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினார்.

“மேல கூரையே இல்ல, எங்கம்மா போற?” என்றார் மேஸ்திரி.

“கூரையப் பாக்கவா போறேன்? நீ கம்முனு நில்லு.”

மேலே இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்து நின்றார். நிதானமாக இறங்கி வந்து, செருப்பை என்முன் விட்டார்.

“இப்ப இடிச்சிக்கோ.”

முன்வாசல் வழியாகவே வெளியே போனார். இடிக்கப்போகிற படிக்கு நான் எதற்காகச் செருப்பைக் கழற்றினேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.