லிட்டில் இந்தியாவில் என்னைத் தேடிய ஆன்டனி அண்ணன்

ஆன்டனி அண்ணன் போய்விட்டார். முந்தாநாளே...

எனக்கு இன்று காலையில்தான் தெரியும். அவருடைய மகள் போன் பண்ணி, அப்பா இறந்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள்.

அடக்கம் மூன்று மணிக்கு, எஹலியகொட பக்கம் அவர்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்தில். நான் கேகாலையில் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறேன். மணி ஒன்று இருபது, இப்போதுதான் ருவன்வெல்ல.

பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் மணியைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டு வருகிறேன்.

நானும் அவரும் ஒரு க்ரூஸ் கப்பலின் லாண்டரியில் வேலை பார்த்தோம். ஒன்பது மாதம், ஒரே கேபின்.

முதல் நாள் நான் "கொஹொமத அய்யே" என்று நலம் விசாரித்தேன், அவர் "ஹொந்தய் மல்லி", நல்லா இருக்கேன் தம்பி, என்றார். அவ்வளவுதான், அன்று தொடங்கியது... ஒன்பது மாதமும் சிங்களம்தான்.

ஊர் கேட்டதற்கு ரத்னபுர பக்கம் என்றார். நான் கேகாலை என்றேன். தோட்டம் என்ற பேச்சு இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. தோட்டம் என்றாலே தமிழன் என்று தெரிந்துவிடும்; நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது புரியும்.

பெயரை வைத்தும் கண்டுபிடிக்க வழியில்லை. ஆன்டனி, ரவி... சிங்களவர்களிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஒரு தடவை கடல் ஆடி, நான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயைக் கொண்டு வந்து, "பொன்ன மல்லி, பொன்ன" என்று குடிக்க வைத்தார். என் பங்கு பெட்ஷீட்டையும் அவரே மடித்து முடித்தார். சூப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக்குப் போன் பேச மட்டும் அவர் டெக்கின் முன்பக்கம் போவார், நான் பின்பக்கம் போவேன்.

கான்ட்ராக்ட் சிங்கப்பூரில் முடிந்தது. பிளைட் அன்று ராத்திரி. ஏஜென்ட் பாஸ்போர்ட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, நாலு மணிக்கு ஹார்பர் கேட்டுக்கு வராதவனுக்காக ஏர்போர்ட் பஸ் நிற்காது என்று சொல்லிவிட்டான். அதுவரை ஊர் சுற்றலாம்.

தண்ணீர் கக்கும் சிங்கத்துக்கு முன்னால் செல்பி எடுத்தோம். பிறகு ரயில். ஸ்டேஷனில் தமிழில் அறிவிப்பு வந்தது... அவர் கூரையைப் பார்த்தார், நான் ஷூவைப் பார்த்தேன்.

லிட்டில் இந்தியாவில் திரும்பின பக்கமெல்லாம் தமிழ் போர்டு. நான் ஒன்றையும் வாசிக்கத் தெரியாதவன் மாதிரி, தமிழ்க் கடைக்காரரிடம் இங்கிலீஷில் வழி கேட்கிறேன். இத்தனை மாதம் கழித்து உண்மையைச் சொன்னால், ஏன் மறைத்தாய் என்று கேட்பாரே... அந்தப் பயம்.

அம்மாவுக்கு ஒரு சேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், ஆளைக் காணோம்.

மணி இரண்டே முக்கால். அவருக்கோ சுகர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். இரண்டு பேர் போனிலும் சிம் இல்லை.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் தமிழர். "மைக்ல தமிழ்ல கூப்பிட்டுப் பார்க்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் சார், அவருக்குத் தமிழ் வராது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தெருத்தெருவாக ஓடினேன். மூன்று மணி... மூன்றே கால். எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாரோ என்று ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தேன். தனியாக பஸ்ஸுக்குப் போகவும் மனம் வரவில்லை.

ஒரு பூக்கடைக்கு முன்னால் அவருடைய முதுகு தெரிந்தது. கிட்டே போனேன். அவர் வாயில் தமிழ்!

"அக்கா, நீல சட்ட போட்ட பையன் ஒருத்தன பாத்தீங்களா? சிங்களப் பையன்க்கா, பாவம்... ஒரு சொல்லு தமிழ் வராது. எங்க நின்னு முழிக்கிறானோ."

"பஸ் போயிடும்னு சொன்னீங்களே அண்ணே, நீங்க கிளம்புங்க" என்றார் பூக்கார அக்கா.

"அவன விட்டுப்புட்டு எப்பிடிக்கா போறது?"

"அண்ணே... இந்தா இருக்கேன்ணே" என்றேன்.

திரும்பினார். முகமெல்லாம் வேர்வை.

"அட படுபாவிப் பயலே... எந்தத் தோட்டம்டா நீ?"

பதில் சொல்ல நேரமில்லை, ஓடினோம். நாங்கள் போகும்போது டிரைவர் பஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் வரை அவர் வாய் ஓயவில்லை, எல்லாம் தமிழில். "நீதானேடா மொதல்ல சிங்களத்துல ஆரம்பிச்ச, நான் என்னா செய்ய?" என்று என் மேலேயே பழியைப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி கப்பலுக்கு வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போன் பண்ணுவார். "தம்பி, வீட்டுக்கு வாடா. எஹலியகொடையில எறங்கி ஆட்டோக்காரன்கிட்ட என் பேர சொன்னா போதும்."

போகவே இல்லை. நாலு வருஷமாக, அடுத்த லீவுக்கு வாறேன் அண்ணே என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்... என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காலையில் அவர் மகளிடம், "தமிழ்லயே சொல்லும்மா" என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்பா போன்ல 'ரவி மல்லி ஷிப்'னு இருந்திச்சி... நீங்க சிங்கள ஆளுன்னு நெனச்சேன் சித்தப்பா."

இப்போது அவிசாவளை. மணி இரண்டு பத்து. சீட் நிரம்பினால்தான் பஸ்ஸை எடுப்பேன் என்று டிரைவர் நிற்கிறான். கண்டக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

அண்ணே... அன்னைக்கு என்ன விட்டுட்டுப் போகாம நின்னீங்க. இன்னைக்கும் கொஞ்சம் பொறுங்கண்ணே.

வந்துக்கிட்டே இருக்கேன்.